பேருந்தில் போன பேரரசு

மாணவர் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுகிறவருக்குப் பிறர் கால்கள் மேல் அபார நம்பிக்கை. பெய்ஜிங்கில் ஒரே நாள்: தியானன்மென் சதுக்கம், பேரரசர் அரண்மனை, பாதாலிங்கில் பெருஞ்சுவர், சொர்க்கக் கோயில்.

1420-இல் கட்டி முடித்த அரண்மனையில் மிங், சிங் வம்சத்துப் பேரரசர்கள் 24 பேர் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு ஆண்டார்கள். நம் மாணவருக்கு ஒன்றரை மணி நேரம். அதிலும் பாதி, வழிகாட்டியின் மஞ்சள் கொடியைத் தேடுவதில் போயிற்று. (பக்கத்துக் குழுவுக்கும் மஞ்சள் கொடிதான்.) தெற்கு வாசலில் நுழைந்தவர்களைக் கூட்டமே வடக்கே தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தது.

பெருஞ்சுவர், 2012-இல் வெளியான சீன அரசுக் கணக்குப்படி, மொத்தம் 21,196 கிலோமீட்டர். மாணவர் ஏறியது முதல் காவற்கோபுரம் வரை. அதற்குள் கீழிருந்து விசில். வழியில் ஜேட் கல் விற்கும் கடையில் மட்டும் யாருக்கும் அவசரமில்லை. முழுதாக ஒரு மணி நேரம். கழிப்பறையும் அந்தக் கடையைத் தாண்டித்தான்.

சொர்க்கக் கோயில் மண்டபத்தை அதற்குள் மூடிவிட்டார்கள். பேரரசர்கள் நல்ல விளைச்சலுக்கு வேண்டிக்கொண்ட இடம் என்று வழிகாட்டி பேருந்துக்குள்ளேயே மைக்கில் விளக்கினார். பாதிப் பேர் தூக்கம். விழித்திருந்தவர்கள் சார்ஜர் கேட்டார்கள்.