தலைவாசல் கதவின் உள்முகம்: தேக்குத் தோற்றம் குறித்த ஒரு சிற்றாராய்ச்சி

தலைவாசல் கதவுக்கு முகம் இரண்டு என்பதே இவ்வாய்வின் அடிப்படைக் கருதுகோள். வெளிமுகம் கூரியர்காரருக்கும் வீட்டு வரி கேட்டு வருபவருக்கும் உரியது. பெல் அடித்ததிலிருந்து நாம் திறக்கும்வரைதான் அவர்கள் அதைப் பார்ப்பார்கள். உள்முகத்தையோ சோபாவில் சாய்ந்தபடி ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டியவர்கள் நாம். ஆனால் காசு கொட்டப்படுவது வெளிமுகத்தில். ஆய்வாளரின் வீடே இதற்குச் சான்று. கரையானுக்குப் பயந்து வாங்கிய இரும்புக் கதவு. வெளியே தேக்கு அச்சு, உள்ளே பீரோ சாம்பல்.

“பேங்க் லாக்கருக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு மாப்பிள்ளை” என்றார் மாமியார். ஆய்வு அன்றே தொடங்கியது.

இரும்பை மரமாகக் காட்டுவது ஏமாற்று அல்லவா என்று எதிர்த்தரப்பார் கேட்கலாம். அவர்கள் மாமல்லபுரம் போய் திரௌபதி ரதத்தைப் பார்க்கட்டும். பொருள் பாறை, வேஷம் கூரை வேய்ந்த குடிசை. ஆவுடையார்கோயிலின் கொடுங்கையில், அதாவது வளைந்திறங்கும் கல் கூரை விளிம்பில், மரச்சட்டங்களைக் கல்லில் செதுக்கியதோடு விடாமல், சட்டங்களை இறுக்கும் ஆணிகளையும் செதுக்கிவைத்தார்கள். கல்லுக்கு எதற்கய்யா ஆணி என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கடல் கடந்தாலும் இதே கதைதான். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன், மவுண்ட் வெர்னான் வீட்டின் வெளிப்புறப் பைன் பலகைகளில் பெயின்டோடு மணலைத் தூவிக் கல்லாக்கினார். உள்ளே நடைக்கூடத்துப் பைன் பலகைகளை 1797-இல் மகாகனியாகத் தீட்டச் செய்தார். வெளியே மரம் கல்லானது, உள்ளே மரம் வேறு மரமானது. நம் சாம்பல் கதவு எந்த மூலைக்கு!

இனி செய்முறை. உப்புத்தாளால் தேய்த்து, மெட்டல் பிரைமர் அடித்து, அதன்மேல் சந்தன நிற எனாமல். அது காய்ந்ததும் மெல்லிசாகப் பழுப்புப் பூச்சு. பூச்சு ஈரமாக இருக்கும்போதே வரி வெட்டிய ஒரு அரைவட்ட ரப்பர்க் கட்டையை மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். இழுத்தால் கோடு விழும். இழுத்துக்கொண்டே சாய்த்தால் கண் விழும்.

இதற்குத் தாவரவியல் அடிப்படை உண்டு. மரத்தின் ஆண்டு வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்த நெடிய கூம்புகள் போன்றவை. நடுத்தண்டு வழியே பலகை அறுத்தால் ரேகை நேராக ஓடும். ஓரமாக அறுத்தால் கூம்பு சீவப்பட்டுக் கோபுரம் கோபுரமாக வளைவு தெரியும். கண் என்பது கிளை முளைத்த இடம். இவ்வளவையும் பெயின்டர் அண்ணனிடம் விளக்கினேன். “சரி சார்” என்று பீடியை அணைத்துவிட்டு, கதவின் உச்சியிலிருந்து அடிவரை ஒரே இழுப்பாக இழுத்தார்.

பிழை அங்கேதான். ஆசாரி செய்த கதவில் நெட்டுச் சட்டத்தில் ரேகை நெட்டாகவும் குறுக்குச் சட்டத்தில் குறுக்காகவும் ஓடும். எங்கள் கதவில் சட்டம் எந்தப் பக்கம் போனாலும் ரேகை கீழ்நோக்கியே வழிந்தது, கூரை ஒழுகியதுபோல. “யார் சார் இதையெல்லாம் பார்க்கப்போறா?” என்றார். நான்தான், தினமும். போதாததற்கு, கட்டை ஒன்றே ஒன்று என்பதால் கண்ணும் ஒன்றே. ஏழடிக் கதவில் வரிசைக்கு ஆறு என்று அதே கண் திரும்பத் திரும்ப விழித்தது. இத்தனை ஒழுக்கமாகக் கிளைவிட்ட தேக்கு எந்தக் காட்டில் நின்றதோ!

பொங்கலுக்கு மாமியார் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவை ஏற இறங்கப் பார்த்தார்.

“மாத்திட்டீங்களா மாப்பிள்ளை? தேக்கா?”

“ஆமா அத்தை.”

சொல்லி வாய் மூடவில்லை. பள்ளிச் சுற்றுலாவில் வாங்கி வந்த மாமல்லபுரக் காந்த வில்லையை என் மகள் கொண்டுவந்து கதவில் வைத்தாள். ‘டக்’. ஐந்து ரதமும் தேக்கில் அசையாமல் நின்றன.