ஆட்டுக்காலியல்: ஒரு முன்னாய்வு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் தொழிலுக்கு அறிக்கைகள் உண்டு, கருத்தரங்குகள் உண்டு. தோலை ஆராயவே 1948 முதல் சென்னை அடையாற்றில் ஒரு மத்திய நிறுவனம் இயங்குகிறது. தோல் போனபின் மிஞ்சும் நாலு காலையோ அறிவுலகம் கறிக்கடை வாசலிலேயே விட்டுவிட்டது. அக்குறை இங்கே தீர்க்கப்படுகிறது.

முதலில் பெயர். சட்டியில் இறங்கியதும் ஆட்டுக்கால் பாயா ஆகிவிடுகிறது. பாரசீகத்தில் ‘பாய்’ என்றால் கால். அதற்கு மாட்டும் ஜாமா, பைஜாமா. இந்தியில் முக்காலிக்கு திபாயி. ஆங்கிலேயர் அதை டீப்பாய் ஆக்கி, பெயருக்கு நியாயமாக மேலே டீயையும் வைத்தார்கள். வடமொழிப் பாதமும் ஆங்கில ஃபுட்டும் இந்தப் ‘பாய்’க்குப் பங்காளி முறை. ஆட்டுக்காலுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பழம்பெயர் ட்ராட்டர், அதாவது தொங்கோட்டம் ஓடுவது. வெட்டிக் கழுவி வேகவைத்த பிறகும் ஓடுவதாகச் சொல்லும் பெயரை இவ்வாய்வு நிராகரிக்கிறது. ‘காலை உணவு’ என்பது பாயாவால் பிறந்த தொடர் என்று நிறுவவும் ஆசைதான். இலக்கணம் இடம் தரவில்லை.

இனி வேதியியல். தோலிலும் காலிலும் முக்கியச் சரக்கு ஒன்றே: கொலாஜன் என்ற புரதம். பச்சைத் தோலை 60 டிகிரியைத் தாண்டிய வெந்நீரில் போட்டால் சுருண்டுவிடும். ஆவாரம்பட்டை, கடுக்காய், குரோம் உப்பு என்று எதையாவது ஊட்டி, அந்தப் புரத இழைகளைக் கட்டிப்போடுவதே டேனரியின் வேலை. நன்றாகப் பதப்பட்ட குரோம் தோல் கொதிநீருக்கும் அசையாது. பாயாக்காரர் செய்வது நேர் எதிர். காலை நெருப்பில் வாட்டி, ரோமம் சுரண்டி, மஞ்சள் போட்டுக் கழுவி, சிறுதீயில் மணிக்கணக்காக வைத்து அதே இழைகளை அவிழ்த்துவிடுகிறார். கொலாஜன் ஜெலட்டினாகிக் குழம்பில் கரைகிறது. உதட்டோடு உதடு ஒட்டினால் பதம் சரி. டேனரியில் கரைந்தால் நஷ்டம், சட்டியில் கரையாவிட்டால் நஷ்டம். ஒரே ஆட்டின்மேல் இரண்டு எதிர்க்கொள்கைகள். ஊரில் இதுவரை கைகலப்பு இல்லை.

தோல் ஷூவாகி வெளிநாட்டார் காலுக்குப் போகிறது. கால் உள்ளூர் வாய்க்குப் போகிறது. ஏற்றுமதிக் கணக்கில் முதலாவது மட்டுமே ஏறுவதும், ஊர்ப்புகழை மொத்தமாகப் பிரியாணி வாரிக்கொள்வதும் பாயாவுக்கு இழைக்கப்படும் இரட்டை அநீதி.

முடிவுகளைச் சரிபார்க்க விரும்புவோர் இடியாப்பத்தோடு விடியலிலேயே உட்காரவும். ஆறவிட வேண்டாம், ஜெலட்டின் உறைந்துவிடும்.