பள்ளிக்கூடத்தை விட்டவர்

ஒரகடத்தைச் சுற்றி எழும்பும் அடுக்குமாடிகளில் ஒரு புது வகை மனிதர் குடியேறியிருக்கிறார். கார் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர். நாற்பதைத் தொட இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்பதானால் முதலில் உட்கார இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

“பள்ளிக்கூடம்னா என்ன சார்? ஃபேக்டரி. பெல் அடிச்சா உள்ள, பெல் அடிச்சா வெளிய. எல்லாப் பிள்ளையும் ஒரே அச்சுல வரணும். என் பையன் என்ன பம்பரா?”

இதைச் சொல்லும்போது அவர் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும். ஷிஃப்டு பஸ் ஹாரன் அடித்தால் பேச்சை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்.

சட்டம் அவருக்கு மனப்பாடம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசுகிறது. வீட்டில் படிப்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறக்காததே சம்மதம் என்பது இவர் கட்சி. பதினான்கு வயதானால் என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுதிவிடலாம். அதுவரை பையன் தன் போக்கில் வளர்வான். ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்கர் பிள்ளைகள் பள்ளியில் ஏன் தோற்கிறார்கள் என்று 1964-இல் எழுதிய புத்தகத்தைச் செல்போனில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார். குழந்தை தானே கற்றுக்கொள்ளும், நாம் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும் என்று எனக்கும் விளக்கினார்.

குறுக்கே நிற்காமல் இருப்பதற்கு ஆகும் செலவுதான் கொஞ்சம் அதிகம்.

திங்கட்கிழமை ஜூமில் கர்நாடக சங்கீதம். செவ்வாயும் வியாழனும் படப்பையில் அபாகஸ். புதன் சிலம்பம். தாம்பரத்தில் ரோபோடிக்ஸ். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததிலிருந்து செஸ் இல்லாத வாரம் இவர் வீட்டில் கிடையாது. இதற்கு நடுவில் ஜப்பானிய மொழி வேறு. “ஒரகடத்துல இருந்துக்கிட்டு ஜப்பானீஸ் தெரியலன்னா எப்படி சார்?” ஓட்டுவதெல்லாம் அவர் மனைவி. பையனின் கல்வியில் பாதி வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில், அம்மாவின் ஸ்கூட்டி பின்சீட்டில், கார் ஏற்றிப் போகும் டிரெய்லர்களை எண்ணியபடி நடக்கிறது. கணக்கில் அவன் கெட்டி. அபாகஸ்காரர் அதைத் தன் சாதனை என்கிறார்.

பழைய பள்ளிக் கட்டணத்தைவிட இது கூடிவிட்டதே என்றேன்.

“அது ஃபீஸ் சார். இது இன்வெஸ்ட்மென்ட்.”

ஜி.டி. நாயுடு பெயரை வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட மேதை. உண்மைதான். ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துக் கற்றவர் நாயுடு. ராயல் என்ஃபீல்டு தயாராகும் ஒரகடத்தில், போன மாதம் இவர் பையன் அப்பாவின் புல்லட் பக்கத்தில் ஸ்பேனரோடு உட்கார்ந்தான். “கைய வைக்காதடா, வாரண்டி போயிடும்!” என்ற சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்டதாம். மறுநாளே ரோபோடிக்ஸ் அடுத்த லெவலுக்குப் பணம் கட்டியாயிற்று.

நான் வடக்குப்பட்டுக்காரன், அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். பிள்ளைகளை அனுப்புங்கள், காசு வேண்டாம் என்று இவரிடமும் இவர் கூட்டாளிகளிடமும் சொல்லிப் பார்த்தேன். ஓர் ஈ, காக்கை வரவில்லை. என் மனைவி விவரமானவள். மாதம் 1,200 ரூபாய், பேட்சுக்கு ஆறு பேர்தான், அண்ணன் தம்பிக்குச் சலுகை உண்டு என்று சொல்லி அனுப்பினாள். ஒரே வாரத்தில் இடம் நிரம்பி, இரண்டு பேர் காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வகுப்பு முடிந்ததும் அம்மாக்கள் வாசலில் பேசிக்கொண்டு நிற்பார்கள். அந்த அரைமணி நேரம் முருங்கை மரத்தடியில் ஆறு பிள்ளைகளும் கட்டிப் புரள்வார்கள். 1,200 ரூபாய் அதற்குத்தான், என் இலக்கணத்துக்கு அல்ல. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்தில் கூட்டாளியைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதோடு, பெற்ற அப்பன் சொன்னால் காதில் வாங்காத பிள்ளை, மாதச் சம்பளம் வாங்குகிற வாத்தியார் சொன்னால் உட்கார்ந்து எழுதுகிறது.

எங்கள் ஊர் மேட்டில் 2022-இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியது தெரிந்திருக்கும். சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முந்தையவை என்று சொல்லப்படும் கல் கருவிகள், ரோமானிய ஆம்போரா ஜாடித் துண்டுகள், தங்க நகை எல்லாம் வந்தன. இவருக்குச் செய்தி இப்போதுதான் எட்டியிருக்கிறது. “ஆர்க்கியாலஜி கிளாஸ் எடுக்க ஆள் இருக்காங்களா சார்? ஒரு பையனுக்கு ஐந்நூறு வரைக்கும் குடுக்கலாம்.” அந்தக் கல்லைச் செதுக்கியவர்கள்தான் அசல் ஹோம்ஸ்கூல்காரர்கள், பிள்ளைக்குக் கல் உடைக்கக் கற்றுக்கொடுக்க அவர்கள் யாருக்காவது ஜிபே பண்ணியதாக இதுவரை எந்தக் குழியிலும் தடயம் கிடைக்கவில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. 1,200 ரூபாய் கட்டுகிறவர்.

போன ஞாயிற்றுக்கிழமை வேறு கவலையோடு வந்தார்.

“பிள்ளைங்களுக்குப் போர் அடிக்கணுமாம் சார். அதுலதான் கிரியேட்டிவிட்டி வருதாம். இவனுக்குப் போர் அடிக்கவே நேரமில்ல. வாரத்துக்கு ஒரு மணி நேரம் சும்மா உக்கார வைக்கிற மாதிரி எங்கயாவது கிளாஸ் இருக்கா?”

எதிர்வீட்டு ஆயா முறத்தில் அரிசி புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தது.

“எங்க ஊட்டுத் திண்ணையில வந்து குந்திக்கினு இருக்கட்டும்பா. நான் ஒண்ணும் சொல்லித்தர மாட்டேன். மாசம் ஆயிரம் குடு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. செல்போனை எடுத்து வாரக் காலண்டரைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“சனிக்கிழமை பத்து டு பதினொண்ணு காலியா இருக்கு. முதல்ல ஒரு டெமோ கிளாஸ் உண்டா ஆயா?”