பட்டாதார் சாமிக்கு ஆதார் இல்லை

பெறுநர்: பி.எம். கிசான் நிதியைப் படியளக்கும் மத்திய வேளாண் அமைச்சகத்துப் பெரியவர்கள், புது டெல்லி.

அனுப்புநர்: சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால் பாசனத்தில் கோவில் வயலைக் குத்தகைக்குப் பயிரிடுகிறவன்.

ஐயாமார்களே,

2020 மார்ச் 26 அன்று, ஊரடங்கின் இரண்டாம் நாள், 1.70 லட்சம் கோடி ரூபாய் நிவாரணத் தொகுப்பு அறிவித்தீர்கள். அதில் 8.7 கோடி விவசாயிகளுக்குத் தலா 2,000 ரூபாய். ஆண்டுக்கு 6,000 தருவதாக 2019-லேயே சொன்ன பணத்தின் ஒரு தவணைதான் அது. சித்திரைச் சம்பளத்தைச் சித்திரை பிறக்குமுன் கொடுத்துவிட்டுப் போனஸ் என்று பெயர் வைக்கும் சாமர்த்தியம் எங்கள் பக்கத்து முதலாளிமாருக்கு இன்னும் கைவரவில்லை. போகட்டும். வாழைத்தார் வெட்ட ஆளும், ஏற்ற லாரியும் கிடைக்காத நேரத்தில் 2,000 என்றாலும் பணம்தானே. எனக்குத்தான் வரவில்லை.

காரணம் உங்கள் விதியிலேயே இருக்கிறது. 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் இருந்ததோ அவர்தான் விவசாயி. தொளி அடித்து, நாற்றுப் பாவி, கோட்டைக் கணக்கில் குத்தகை நெல் அளக்கிறவன் வேறு ஏதோ பொழுதுபோக்கில் இருக்கிறான். கம்ப்யூட்டர் சென்டர் தம்பி பொறுமையாகத்தான் விளக்கினான்.

“பட்டா யார் பேர்ல அண்ணாச்சி?”

“சாமி பேர்ல.”

“அப்ப சாமில்லா வந்து ரேகை வைக்கணும்!”

சாமி வந்தாலும் கிடைக்காது. சட்டப்படி அவர் ஓர் ஆள். சொத்து வைத்துக்கொள்ளலாம், கேஸும் போடலாம். ஆனால் நிறுவனங்களின் பெயரில் உள்ள நிலத்துக்குப் பணம் கிடையாது என்று அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது. உழுகிறவனுக்கு நிலமில்லை, நிலமுள்ளவர் நிறுவனம். ஆகக்கூடி காரும் பிசானமும் இந்த வயலில் தானாகவே விளைகின்றன.

என்னை யாரென்று சர்க்காருக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவென்றே தமிழ்நாட்டில் 1969-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. ஆந்திராவில் 2019-இல் ரைத்து பரோசா என்ற உழவர் உதவித் திட்டம் தொடங்கியபோது பட்டியலின, பழங்குடி, பிற்பட்ட, சிறுபான்மைக் குத்தகைதாரர்களையும் சேர்த்து 13,500 ரூபாய் என்றார்கள். அங்கேயும் நெல் நம்ம ஊர் நெல் மாதிரியேதான் விளைகிறது.

இத்தனை கறாரான விதியை வைத்துக்கொண்டு அதே 2020-இல் நீங்கள் காட்டிய தாராளத்தையும் சொல்லியாக வேண்டும். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று வடக்கே பல மாவட்டங்களில், வேளாண் அலுவலர்களின் பாஸ்வேர்டைக் கொண்டு, தகுதியில்லாத லட்சக்கணக்கானவர்களைப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். போனது 110 கோடி ரூபாய். சி.பி.சி.ஐ.டி. வந்தது, கைதும் நடந்தது, கணக்குகளிலிருந்து பணத்தைத் திரும்பப் பிடித்தார்கள். நான் உழுதும் தகுதியில்லாதவன், அவர்கள் உழாமலே தகுதியில்லாதவர்கள். வித்தியாசம் ஒரு பாஸ்வேர்டு. பட்டா கேட்டால் என்னால் தர முடியாது. பாஸ்வேர்டு போதுமென்றால், எத்தனை எழுத்து என்று மட்டும் தெரிவிக்கவும்.

கள ஆய்வுக்கு ஆள் அனுப்புவதாக இருந்தால் கார் நடவு நேரத்தில் அனுப்புங்கள். நான் வயலில்தான் இருப்பேன். பட்டாதாரரைத்தான் விசாரிக்க வேண்டுமென்றால் மதியத்துக்குள் வரச் சொல்லுங்கள். அப்புறம் நடை சாத்திவிடுவார்கள்.

இப்படிக்கு,
விவசாயி (உங்கள் கணக்கில் இல்லாதவன்)