சன்ஷேடு மலையேறிய படலம்

அனுப்புநர்: கொடைக்கானல் அரசு அலுவலக வரிசையில் நிற்பவன்

பெறுநர்: மாதிரி வரைபடம் போடும் பொறியாளர் பெருமக்கள், பொதுப்பணித்துறை, சென்னை

பொருள்: கட்டடக்கலை மாணவர்களை மலையேற விடாமல் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

அரசு அலுவலகம் ஒன்றை எடுத்து, ‘மக்களுக்கும் மண்ணுக்கும் ஏற்றபடி திரும்ப வரை’ என்று கட்டடக்கலைக் கல்லூரிகளில் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறார்கள். அவர்கள் இங்கே வந்துவிட்டால் தங்கள் பாடு என்னாகுமோ என்ற கவலையில் எழுதுகிறேன்.

முதலில் ஜன்னலைப் பார்ப்பார்கள். சூரியனைத் தெளிவாகப் பார்க்க 1899-இல் சென்னையிலிருந்து வானாய்வகமே இங்கே மலையேறியது. சூரியனை மறைக்கும் சன்ஷேடும் அதே சென்னையிலிருந்துதான் மலையேறுகிறது. மதுரை வெயிலுக்குப் போட்ட வரைபடத்தை ஏழாயிரம் அடி உயரத்துக் குளிருக்கும் மாட்டிவிடும் தங்கள் சமத்துவம் பிள்ளைகளுக்குப் புரியாது.

அடுத்து மொட்டைமாடி. பழைய பங்களாக்களில் கூரையைச் சரித்துப் போட்டு மழையை ஓடவிட்டார்கள். தாங்களோ தேக்கிவைக்கிறீர்கள். ஐப்பசியில் மாடியில் நிற்கும் தண்ணீர் கார்த்திகையில் ரெக்கார்டு ரூமுக்கு இறங்கிவருகிறது. மழைநீர்ச் சேகரிப்பை 2003-லேயே கட்டாயமாக்கிய மாநிலமல்லவா, பட்டா ஃபைலில்கூடச் சேகரிக்கிறோம்.

சாய்தளத்தைப் பார்த்தாலும் சிரிப்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பயந்து கட்டியது. சக்கர நாற்காலி ஏறாத செங்குத்து. ஆனால் ஊழியர்களின் டூவீலர்கள் சுகமாக ஏறி நிற்கின்றன.

மன்னவனூரிலிருந்து பட்டா பெயர் மாற்ற பஸ் பிடித்து வரும் பாட்டி, ஸ்வெட்டருக்கு மேல் முக்காடு போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே பனியில் நிற்கிறார். கழிப்பறைக்குப் பூட்டு, சாவி வைத்திருப்பவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். பிள்ளைகளோ வெயில் விழும் கிழக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட கூடம், உட்கார பெஞ்சு, பூட்டில்லாத கழிப்பறை என்று வரைந்துவிடுவார்கள். உட்கார்ந்து பழகிய ஜனம் அப்புறம் கேள்வியும் கேட்கும்.

கட்டடத்தைத் திரும்ப வரைவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்களா? ஓமந்தூரார் வளாகத்துப் புதிய தலைமைச் செயலகத்துக்கு, 2010 மார்ச்சில் திறப்பு விழாவன்று கோபுரக் கூரை முடியாததால், சினிமாக் கலை இயக்குநர் தோட்டா தரணியை வைத்து செட் போட்டோம். 2014-இல் அதே கட்டடத்தைப் பல்நோக்கு மருத்துவமனையாக்கினோம். செயலகத்தில் நோயாளியைப் படுக்கவைக்க முடிந்த நமக்கு, தாலுகா ஆபீசில் ஒரு பாட்டியை உட்காரவைக்க மட்டும் பட்ஜெட் இல்லை.

ஆகவே, மாணவர்களுக்கு வேலையே இல்லாமல் செய்ய ஒரே வழிதான் இருக்கிறது. அடுத்த வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன், கார்த்திகை மாதத்தில் ஒருநாள் தாங்களே வந்து, காலை பத்து மணிக்கு எங்களோடு வரிசையில் நில்லுங்கள். பாட்டிக்குப் பின்னால் இடம் பிடித்துவைக்கிறேன். சென்னை வண்டி கொடைக்கானலுக்குள் வர இ-பாஸ் கட்டாயம். மறக்காமல் எடுத்துக்கொண்டு வரவும்.

இப்படிக்கு,
வரிசையில் நிற்பவன்