பேராண்டி எழுதும் அடங்கல்

வாடா பேராண்டி, உக்காரு. லேப்டாப்பைத் திண்ணையில வை, மூடாத. மூணு ராத்திரியா விளக்கை அணைக்காம என்ன தட்டிக்கிட்டிருக்கான்னு உங்க அப்பத்தா கேட்டா. உலகத்துச் செஸ் புரோகிராமுக்கெல்லாம் சேத்து ஒரே தொடக்க ஆட்டப் புஸ்தகம் எழுதறான்னேன். "சம்பளம் உண்டா?"ன்னா. நான் வெத்தலைப் பெட்டியைத் தேடற மாதிரி உள்ள போயிட்டேன்.

நல்ல யோசனைதான்டா. ஒரு இன்ஜின் ராப்பகலா யோசிச்சுக் கண்டதை இன்னொண்ணு எதுக்கு முதல்லேர்ந்து யோசிக்கணும்? பொதுக் களத்துல எல்லாரும் கொண்டாந்து கொட்டட்டும். பதரும் சேந்துதான் வரும். வந்தா என்ன, மூட்டை கூடும்ல!

எனக்குச் செஸ்ஸுல குதிரை எப்படித் தாவும்னு தெரியும், அவ்வளவுதான். ஆனா 1980ல எம்.ஜி.ஆர். எங்க உத்தியோகத்தை ஒழிக்கற வரைக்கும் இந்த ஊருக்கு நான் கணக்குப்பிள்ளை. நீ எழுதறதும் பதிவேடுதானே? அந்த உரிமையில வாயைத் திறக்கறேன்.

முதல்ல சர்வே நம்பர். வெள்ளைக் காய்க்காரன் ராணிச் சிப்பாயைத் தள்ளிட்டு அப்புறம் மந்திரிச் சிப்பாயைத் தள்ளினாலும், முறையை மாத்தித் தள்ளினாலும் கடைசியில பலகை ஒண்ணுதான். எந்த வரப்பு வழியா வந்தா என்ன, நிலம் அதேதானே? அதுக்குத்தான் 1970லயே ஸோப்ரிஸ்ட்னு ஒருத்தர் பலகைக்கு நம்பர் போட வழி சொல்லிட்டார்னு நீயே சொன்ன. நீ எழுதற போலிக்ளாட்ங்கற புஸ்தக வடிவத்துல அந்த நம்பரைக் கட்ட 781 எண்ணாம். காய் வகை 12, கட்டம் 64, பெருக்கினா 768. கேஸ்லிங்குக்கு 4, ரெண்டு கட்டம் தாண்டின சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் வெட்டற ஆன் பசானுக்கு 8, யார் முறைங்கறதுக்கு 1. விரல் விட்டுக் கூட்டிப் பாத்தேன், சரியா இருக்கு.

அப்புறம் ஏன் உன் புஸ்தகம் மட்டும் ஊரோட ஒத்துப்போகலன்னு தலையைச் சொறிஞ்சியே, அந்த ஆன் பசானைப் பாரு. வெள்ளை ராஜா சிப்பாய் ரெண்டு கட்டம் தாண்டின உடனே நீ அந்த எண்ணைச் சேத்துட்ட. கறுப்புச் சிப்பாய் எட்டும் இன்னும் வீட்டு வாசல்லயே நிக்குது, எவன்டா வந்து வெட்டுவான்? வெட்டறதுக்குப் பக்கத்துல ஆள் நின்னாத்தான் அது கணக்கு. நீ பண்ணினதுக்கு எங்க ஆபீஸ்ல பேரு ரெட்டைப் பட்டா. அதுக்கு சஸ்பெண்டு பண்ணுவாங்க. உனக்கு அந்தக் கவலை இல்ல, வேலையே இல்லையே.

அடுத்தது எடை. ஒரு பதிவுக்கு 16 பைட்டு: நம்பருக்கு 8, நகர்த்தலுக்கு 2, எடைக்கு 2, மிச்சம் 4 பெரும்பாலும் காலி. எடை எப்படிப் போடறாங்க? ஜெயிச்சா 2, டிரா ஆனா 1, தோத்தா சுழியம். அப்போ 5,000 தரம் ஜெயிச்சு 5,000 தரம் மண்ணைக் கவ்வின நகர்த்தலுக்கு எடை 10,000. நூறு தரம் ஆடி நூறும் ஜெயிச்சதுக்கு 200. பலே! தோத்ததையே எழுதாத கணக்கு நான் பாத்ததே இல்லடா. நம்ம ஊர்ச் சீட்டுக் கம்பெனிக்காரன்கூட கொஞ்சம் கூச்சப்பட்டான்.

"அதனாலதான் தாத்தா, இன்ஜின் போடற மதிப்பெண்ணையே வாங்கிக்கப் போறேன்"னு நீ சொல்லுவ. வாங்கு. எந்த ஊரு மரக்கால்ல அளந்துன்னு கேட்டியா? ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின்காரங்க 15.1 பதிப்புலேர்ந்து +1.00ன்னா ஜெயிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு முத்திரை குத்திட்டாங்க. அதுக்கு முந்தின பதிப்பு தந்த +1.00 வேற, இன்னொரு இன்ஜின் தந்தது வேற. எல்லாத்தையும் ஒரே கட்டத்துல எழுதிக் கூட்டி வகுத்துடு, அழகா இருக்கும்.

நூறு பேரு அனுப்பறாங்கன்னு மீசையை முறுக்காத. நூறு பேரும் ஒரே இன்ஜினை ஓட்டி அனுப்பினா கையெழுத்து நூறு, கைரேகை ஒண்ணு. உயில் கேஸ்ல இப்படி சாட்சி வந்தா ஜட்ஜ் சிரிப்பார்.

தண்ணி விஷயமும் இருக்கு. பன்னெண்டாவது நகர்த்தல்ல ஒரு ஓட்டை இருக்குன்னு இன்னிக்கு எவனோ கண்டுபிடிக்கறான். கடைமடை காஞ்சுபோச்சுன்னா தலைமடையில நிக்கறவனுக்குத் தெரியணுமா வேண்டாமா? அங்கேர்ந்து ஒவ்வொரு மடையா மேல ஏறி, முதல் நகர்த்தல் மதிப்பு வரைக்கும் மாறணும். ஏத்தும்போது பாத்து ஏத்து. காய் போன வழியே திரும்பி வந்து பழைய பலகையே நின்னா உன் வாய்க்கால் வட்டமடிக்கும். மூணு தரம் வந்தா டிரா, அது எத்தனாவது தரம்னு சர்வே நம்பருக்குத் தெரியாது. இந்த இடத்துல நிஜமாவே உனக்கு வேலை இருக்கு, கேலி பண்ணல.

புஸ்தகம் பெருசா இருந்தாத்தான் ஜெயிக்கும்னு நினைக்காத, இதைக் கேளு. 1997 மே 11, நியூயார்க். டீப் ப்ளூங்கற செஸ் மெஷின் உலக சாம்பியன் காஸ்பரோவோட பந்தயத்துக் கடைசி ஆட்டம் ஆடுது, காரோ-கான் தொடக்கம். ஏழாவது நகர்த்தல்ல காஸ்பரோவ் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். மெஷின் எட்டாவதுல குதிரையைத் தூக்கிப் பலி கொடுத்துச்சு. 19 நகர்த்தல்ல சாம்பியன் தோத்து எழுந்து போயிட்டார். அந்தக் குதிரைப் பலி மெஷின் அந்த இடத்துல யோசிச்சு வெச்சதில்ல, புஸ்தகத்துல இருந்தது. அந்தப் புஸ்தகத்துல எத்தனை நிலை? சுமார் 4,000. ஜோயல் பெஞ்சமினும் இன்னும் மூணு கிராண்ட்மாஸ்டரும் கையால எழுதினது. 7 லட்சம் ஆட்டத்தைச் சலிச்ச குறிப்பும் தனியா வெச்சிருந்தாங்க, ஆனா கைப்புஸ்தகம் இருக்கற இடத்துல அது வாயைத் திறக்காது.

நீ கோடியில பேசற. பேசு, வயசு அப்படி. ஆனா எங்க அடங்கல்ல ஒவ்வொரு புலத்துக்கும் எதிர்ல யார் பயிர் வெச்சான், எந்தப் போகம், என்ன பயிர்னு எழுதியிருக்கும். உன்னோடதுல நகர்த்தல் இருக்கு, எடை இருக்கு. யார் சொன்னது, எந்தப் பதிப்பு, எத்தனை ஆழம் பாத்துச் சொன்னதுங்கறது மட்டும் இல்ல. இடம் இல்லைன்னு சொல்லாத, நாலு பைட்டு சும்மா கிடக்குது. முதல்ல அதை நிரப்பிட்டு வா. அப்பத்தா கேட்டதுக்கு அப்புறமா பதில் சொல்லிக்கலாம்.