அருஞ்சொற்பொருளும் பெரட்டுக்களமும்

பழைய நாவல்களின் கடுநடை, வாசிப்பவர் படும் பாட்டுக்குத் தகுமா என்ற வினாவை ஆராய இலங்கையின் மாத்தளை மாவட்டத்தைப் போல் பொருத்தமான களம் வேறில்லை. ஏனெனில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், பஞ்சத்தாலும் போராலும் துறவிகள் மடிந்தால் அவர்கள் மனத்திலிருந்த திரிபிடகமும், அதாவது பௌத்தரின் மறைத்தொகுதிகள் மூன்றும், உடன் மடியுமென்று அஞ்சி, அவற்றைப் பாளி மொழியிலேயே ஏட்டிலேற்றிய அலுவிகாரைக் குகைகள் இம்மாவட்டத்தில்தான் உள்ளன. அங்கே எழுத்தாணி பிடித்தவர்களுள் எவரும் முதலில் ஒரு சுருக்கப் பதிப்பு வெளியிடலாமே என்று யோசனை கூறியதாகச் செய்தி இல்லை.

நாவல்களுக்கு அத்தகைய புனிதம் வாய்க்கவில்லை. மாத்தளைக்குத் தெற்கேயுள்ள கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெவ்வை 1885இல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ ஈழத்தின் முதல் தமிழ் நாவலென்று பொதுவாகக் கொள்ளப்படுவது. தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறி அப்போது ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்கால உரைநடையில் வினையெச்சங்கள், அதாவது ‘எழுந்து, நடந்து, கண்டு’ என முடியாமல் நிற்கும் வினைகள், ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு செல்ல, முற்றுவினை வந்து சேர்வதற்குள் எழுவாய் இன்னாரென்பது மறந்து, வாசகர் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்ட நேர்கிறது (இவ்வாக்கியமும் அந்நோய்க்கு விலக்கன்று). ஆயினும், கெய்ரோவில் பிறந்து பம்பாயில் வளர்ந்த ஒருவனின் கதையை மலைநாட்டு நகரொன்றில் இருந்துகொண்டு சொல்லத் துணிந்த மனத்தின் வீச்சு அந்த நடையோடு பிணைந்தே கிடக்கிறது. நடையை உரித்தெடுத்தால் எஞ்சுவது பரீட்சைக்குரிய கதைச்சுருக்கம் மட்டுமே. எனவே பாடு தகும். அக்கால நாவல்களில் நாயகியரைப் பாதாதிகேசமாக, அதாவது அடிமுதல் முடிவரை, வருணிக்கும் பக்கங்களை மட்டும் தாண்டிச் செல்லலாம். பேராசிரியர்களும் தாண்டுகிறார்கள், ஒப்புக்கொள்வதுதான் இல்லை.

வேடிக்கை என்னவெனில், கடினம் ஓரிடத்தில் நிற்பதில்லை. 1960களில் ஈழத்தில் நடந்த ‘மரபுப் போராட்ட’த்தில், பேச்சுவழக்கில் அமைந்த கதைகளைப் பண்டிதர் சிலர் ‘இழிசனர் இலக்கியம்’ என்று தள்ளிவைத்தனர். மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன் என ஊரை முன்னிறுத்திப் பெயரைப் பின்னிறுத்திய எழுத்தாளர்களின் தேயிலைத் தோட்டக் கதைகளை இன்று எடுத்தால், நிகண்டு கற்றவரே கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்குதல்) என்ற இடத்தில் தடுக்கி விழுந்து, அருஞ்சொற்பொருள் எங்கே என்று கடைசிப் பக்கத்தைத் தேடுகிறார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்த பாட்டிக்கு அந்தப் பக்கமே வேண்டாம். பெரட்டு என்பதற்குக் ‘காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரித்தல்’ என்று பொருள் எழுதி அவருக்கு வாசித்துக் காட்டினால், “கணக்கு மட்டுமா எடுத்தாங்க? வாங்குன ஏச்ச யாரு எழுதுவா?” என்று அவர் கேட்கக்கூடும், எந்த அகராதியும் அதற்கு விடை வைத்திருக்கவில்லை, கதைகள் வைத்திருக்கின்றன.

எளிமை ஒன்றே இலக்கியத் தகுதியாயின், தோட்டத் துரைமார் தமிழ் பழகுவதற்காக அச்சிட்ட ‘இங்கே வா’ என்ற கைந்நூலுக்கே மலையகத்தின் முதற்பரிசு சேர வேண்டும். தலைப்பே ஏவலாக, அதாவது கட்டளையிடும் வினையாக, அமைந்த அந்நூலின் தமிழைப் புரியவில்லை என்று சொல்லும் வசதி எந்தத் தொழிலாளிக்கும் இருக்கவில்லை.